பேரிக்காய் ராஜாவும் தக்காளி ராஜாவும்

போன மாதம் தருமபுரியில் ஒரு கல்லூரியில், இதழியல் படிக்கும் பிள்ளைகள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேசி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கைப்பேசியில் என்னைப் படம் எடுத்து, அதைக் கேலிச்சித்திரமாக மாற்றி என்னிடமே நீட்டினாள். பெரிய கண்ணாடி, தவளைக் கன்னம், ஊசி மூக்கு. குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவளையும் அதேபோல எடுத்துக் காட்டினாள். அவளுக்கும் அதே தவளைக் கன்னம். சரிதான், இந்தக் கருவிக்கு எல்லோரும் ஒரே குட்டைத் தவளைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெண்தான் கேட்டாள். "மேடம், நீங்க வரைஞ்சதுக்கு யாராச்சும் கோச்சிக்கிட்டாங்களா?"

கோபித்துக்கொள்ளாமல் இருப்பார்களா என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். டீ, பிஸ்கட் எல்லாம் நன்றாகவே கொடுத்தார்கள். ஆனால் பஸ்ஸில் வரும்போது மனசு கேட்கவில்லை. அது மழுப்பக்கூடிய கேள்வி இல்லை. அவர்களுடைய ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலையே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா போன பிறகு நிலத்தை அண்ணன் மாதப்பன் பார்த்துக்கொண்டார். எனக்குப் படிப்பு மண்டையில் ஏறவில்லை, வரைவது மட்டும் ஏறியது. லோயர், ஹையர் என்று டிராயிங் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டு, டிராயிங் டீச்சர் வேலை வரும் வரும் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்றைக்கு வரை வரவில்லை. அந்த நேரத்தில் தருமபுரியிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழில் ஒட்டுவேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அச்சுக்கோத்து வரும் பத்திகளைக் கத்தரித்து, பக்க அளவு அட்டையில் கோணாமல் ஒட்டுவதுதான் வேலை. அங்கே ஆரம்பித்தது, பிறகு சேலத்தில் ஒரு நாளிதழில் ஓய்வு பெறும் வரை என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

வார இதழின் ஆசிரியர் சண்முகம் சார். அரைக்கை வெள்ளைச் சட்டை, பைக்குள் பேனாவுக்குப் பதில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். இருபது வயதுப் பெண்ணான என்னைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். ஒரு வார்த்தையை எதிராளி கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார், அவ்வளவு நிதானம். பாராட்ட மட்டும் அவருக்கு வாய் வராது. படம் பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் "டீ சாப்டீங்களா?" என்று கேட்பார். என் முதல் வருடத்தில் நான் சாப்பிட்ட டீக்கு அளவே இல்லை.

ஒருநாள் ஒட்டுவேலையின் நடுவே ஓரத்தில் கிறுக்கிய ஒரு மந்திரியின் படத்தைப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தலைகீழாக வைத்தால் ஆள் யார் என்பது மறந்துபோய், கோடுகள் எங்கே சாய்கின்றன என்பது மட்டும் தெரியும் என்பது அவர் கணக்கு. "ம்" என்றார். அடுத்த இதழிலிருந்து கேலிச்சித்திரம் என் பொறுப்பு.

பெயர் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். நான் ஓரத்தில் ஒரு சின்ன எறும்பை வரைவேன், அதுதான் கையெழுத்து. ஊரில் யாருக்கும் அந்த எறும்பு ஒரு பெண் என்று தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. தங்கச்சி தருமபுரி ஆபீசில் காகிதம் ஒட்டுகிறாள் என்பதோடு வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள்.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அச்சில் வரப்போகும் அளவைப்போல இரண்டு மடங்கு பெரிதாக, வழவழப்பான அட்டையில் இந்தியன் இங்க்கால் வரைவோம். காமிராவில் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் செத்துப்போகும் என்பதால் எந்தக் கோடு பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்த்து அழுத்த வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் பென்சில் படத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. சார் அதை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போவார். கீழே எழுதிய வரியை மடித்து மறைத்துவிட்டு, மேசை மேல் சும்மா போட்டுவைப்பார். டீ குடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சார் படத்தைப் பார்க்க மாட்டார், அவர்கள் முகத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து முடிவைச் சொல்வார்.

"சிரிச்சிட்டு யாருன்னு கேட்டாங்கன்னா அது குப்பைங்க. யாருன்னு சொல்லிட்டு அப்பறம் சிரிச்சா அச்சுக்குப் போலாம்."

இன்னொரு விதியும் வைத்திருந்தார். பிறவியில் வந்ததை வரையக்கூடாது. மாறுகண், குள்ளம், கறுப்பு, திக்குவாய் எதையும் தொடக்கூடாது. "அது அவங்கம்மா குடுத்தது. அதுக்கு அந்த ஆளு என்ன பண்ணுவாரு? அவரா எடுத்து மாட்டிக்கினது என்னா இருக்குதோ அத வரைங்க" என்பார். பொன்னாடை, கறுப்புக் கண்ணாடி, கைக்கடிகாரம், நிற்கும் தோரணை, முகவாயைத் தூக்கிப் பேசும் பழக்கம், இதெல்லாம் சேர்த்திதான். நான் பிறகு எத்தனையோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். இந்த ஒரு விதியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

சாருடைய அலமாரியில் பூச்சி அரித்த ஒரு பெரிய பைண்டு புத்தகம் இருந்தது. புதுச்சேரியில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வந்த கேலிப் பத்திரிகைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கல்லில் வரைந்து அச்சடித்த படங்கள். ராஜாக்களும் ராணிகளும் அதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது அந்த நாட்டை ஆண்ட ராஜாவை ஒரு பத்திரிகைக்காரர் பேரிக்காயாக வரைந்துவிட்டார். வழக்கு வந்தது. அவர் நீதிமன்றத்திலேயே நான்கு படங்கள் வரைந்து காட்டினாராம். முதல் படம் ராஜாவின் முகம். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் தொங்கும். மூன்றாவதில் தலை கூம்பிப்போகும். நான்காவதில் முழுப் பேரிக்காய். முதல் படம் குற்றமில்லை என்றால் எந்தப் படத்திலிருந்து குற்றம் ஆரம்பிக்கிறது என்பது அவருடைய கேள்வி. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"உட்டுட்டாங்களாங்க சார்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எங்கீங்க உடறாங்க? உள்ள தூக்கிப் போட்டாங்க. ஆனா அப்பறம் ஊருல செவுரெல்லாம் பேரிக்காதான்" என்றார் சார்.

இதே அலமாரியில் ஆங்கிலேயப் பத்திரிகை ஒன்றின் சில பக்கங்களும் இருந்தன. அதில் அடுத்த நாட்டு ராஜாக்களைக் கரடி, கழுகு என்று கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். தங்கள் ராணி வந்தால் மட்டும் கோடு பவ்யமாகிவிடும். சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "நாமளும் இப்டித்தாங்க. டெல்லிக்காரர வரையறோம், மெட்ராஸ்காரர வரையறோம். அவங்க யாரும் நம்ம டீக்கடைக்கு வரமாட்டாங்க. அடுத்த ஊரு ராஜாவ யாரு வேணா வரையலாம்."

சொல்லிவிட்டு டீ சாப்பிடப் போய்விட்டார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

எங்கள் ஊர் ராஜா யார் என்பதில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. எங்கள் கிராமத்தார் தக்காளி கொண்டுபோன சந்தை ஒன்று இருந்தது. இன்றைக்கு அது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது, அதனால் பெயர் வேண்டாம். அங்கே மண்டிக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர் ஒருவர். பெயர் அவருக்கும் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். ஏலம் முடிந்ததும் அவருடைய ஆள் ஒருவர் கூடையோடு வருவார். ஒவ்வொரு பெட்டியின் மேலிருந்தும் இரண்டு கை நிறையப் பழத்தை அள்ளிக் கூடையில் போட்டுக்கொள்வார். அதற்குத் 'தலைவர் அள்ளு' என்று பெயர். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மேலே இருப்பதுதான் நல்ல பழம், அண்ணி உட்கார்ந்து பொறுக்கி அடுக்கியது. அண்ணன் வீட்டுக்கு வந்து அன்றாடம் புலம்புவார், மறுநாள் பெட்டியை நீட்டுவார்.

அந்த வருடம் சங்கத்தின் விழாவில் தலைவருக்கு வெள்ளிக் கிரீடம் சூட்டி, கையில் வீரவாள் கொடுத்தார்கள். அரசியல் மேடைகளில் பார்த்த பழக்கம், இங்கேயும் தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் படம் எடுத்ததும் கழற்றிவிடுவார்கள். இவர் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலும் கிரீடத்தோடே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அண்ணன் வந்து சொன்னார். எனக்கு அந்தக் கிரீடம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று சமையலுக்கு எடுத்த தக்காளியைத் திருப்பிப் பார்த்தால், காம்பைச் சுற்றிப் பச்சை இதழ்கள் கூராக நீட்டிக்கொண்டிருந்தன. இதைவிட நல்ல கிரீடம் யாரால் செய்ய முடியும்?

பென்சில் படத்தைச் சாரிடம் கொடுத்தேன். காம்பிதழ்க் கிரீடம் வைத்த பெரிய தக்காளி ஒன்று, முகவாயைத் தூக்கி, பெல்ட்டில் கட்டைவிரலை மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு கைகள் மட்டும் பனைமட்டை நீளத்துக்கு நீண்டு, பெட்டி பெட்டியாகத் துழாவி அள்ளுகின்றன. பெட்டிகள் எல்லாம் சந்தையில் இருக்கும் பெட்டிகளேதான். எங்கள் வீட்டுக் களத்தில் கிடந்த பெட்டிகளைப் பார்த்து, பலகையின் ஆணிமுதல் அதில் மண்டிப் பெயர் எழுதியிருந்த எழுத்துவரை அப்படியே வரைந்திருந்தேன்.

சார் தலைகீழாகத் திருப்பினார். நேராகத் திருப்பினார். "உங்க அண்ணன் அங்கதான பழம் போடறாரு?"

"ஆமாங்க சார்."

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேங்க."

உண்மையைச் சொன்னால் நான் யோசிக்கவே இல்லை. கோபத்தில் இருந்தேன், படம் நன்றாக வந்த கர்வத்திலும் இருந்தேன். சார் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார். பார்த்தவர்கள் அத்தனை பேரும் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். "ஒருத்தரு சுத்தும் முத்தும் பாத்துட்டு அப்பறம் சிரிச்சாருங்க. அப்ப படம் சரியா இருக்குதுன்னு அர்த்தம்" என்றார். அன்றைக்கும் "ம்" என்றுதான் சொன்னார், ஆனால் இரண்டு தரம் சொன்னார்.

இதழ் வந்த அன்றே தீர்ந்துபோயிற்று. சந்தைக்கு வரும் பெட்டிகளில் யாரோ அந்தப் படத்தை வெட்டி ஒட்டிவைத்தார்கள். மண்டிக்குள் தலைவர் நடந்தால் முதுகுக்குப் பின்னால் 'தக்காளி ராஜா' என்று முணுமுணுப்பு. அண்ணன் அந்த இதழை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "கிரீடத்த பாரு, காம்பு! என்னமா புடிச்சிருக்கான் பாரு" என்று தொடையைத் தட்டினார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக வேறு எதையும் நான் என் வேலையில் பார்த்ததில்லை.

அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வரைந்தவன் யார் என்று தலைவரின் ஆட்கள் ஆபீசுக்கு வந்து கேட்டார்கள். சார் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, பெயர் மட்டும் சொல்லவில்லை. போனவர்கள் படத்தை எடுத்துவைத்து உற்றுப் பார்த்திருக்கிறார்கள். பெட்டியில் இருந்த எழுத்து கண்ணில் பட்டுவிட்டது. நிழல் கொடுத்து, ஓரத்தில் ஒரு சின்ன இலையோடு எழுதும் எழுத்து. சந்தையில் கடைப் பலகை, ஷட்டர், பெட்டி என்று எல்லாவற்றிலும் அப்படி எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான். கரீம் பாய்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஆள் என்றால் கரீம் பாய்தான். எனவே வரைந்ததும் அவர்தான். சந்தைக்காரர்களின் தீர்ப்பு அவ்வளவு எளிமையாக முடிந்துவிட்டது. நான் பெட்டியைப் பார்த்து அவருடைய எழுத்தை அச்சு அசலாக வரைந்திருக்கிறேன், அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. பாதி எழுதியிருந்த பலகையிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். பெயின்ட் டப்பாக்களைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, இனி எந்த மண்டியும் அவருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. அவருக்குச் சந்தையைவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

இதையும் அண்ணன்தான் சாப்பிடும்போது சொன்னார். "பாவம் அந்த பாயி. நான் வரையலீங்க, நான் வரையலீங்கன்னு அழாத கொறையா சொல்றாரு. எவன் கேக்கறான்?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் அடுத்த இதழிலேயே, படத்துக்கும் கரீம் பாய்க்கும் சம்பந்தம் இல்லை என்று கட்டம் கட்டிப் போட்டார். அதனால் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டதுதான் மிச்சம். சம்பந்தம் இல்லாவிட்டால் எதற்குக் கட்டம் கட்டிப் போடுகிறார்கள் என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். "நாந்தான் வரைஞ்சேன்னு சொல்லிடறங்க" என்றார் சார். அவருக்கு அடிக்கோலை வைத்தால்கூடக் கோடு நேராக வராது, அது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எதற்கும் அசையாத மனிதர் அன்று கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"நானே போறேங்க சார்" என்றேன்.

"அண்ணனுக்கு அறுப்பு நடக்கற நேரமாச்சேங்க" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டம் முழுக்கப் பழம் சிவந்து நின்றது. ஒருநாள் விட்டால் வெடித்துவிடும். நான் வாயைத் திறந்தால் அண்ணன் பழத்தை அந்தச் சந்தையில் ஒருவரும் ஏலம் எடுக்க மாட்டார்கள். திறக்காவிட்டால் கரீம் பாய் வீட்டில் அடுப்பு எரியாது. யாராவது ஒருவருடைய சோற்றில் நான் மண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை. பிரான்சு நாட்டுக்காரர் பாடு தேவலை, அவர் தலைக்கு வந்தது அவரோடு போயிற்று.

அண்ணனிடம் அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தோட்டத்திலேயே சொன்னேன். அந்த எறும்பு நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் அந்த முகவாயையும் கிரீடத்தையும் கீறிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீ போயி சொன்னா நம்ம பழம் ரோட்லதான் கொட்டணும், தெரியுமா?"

"தெரியும்ணா."

அவர் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னார். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பழம் முழுக்க அவள் கைபட்டது. காலையில் டெம்போவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன்.

"பஸ்ல எதுக்குப் போற? வா, லோடு மேலயே குந்திக்க" என்றார் அண்ணன்.

சந்தைக்குள் டெம்போ நுழைந்து, பெட்டிகளை இறக்கி அடுக்கி முடித்ததும் நான் தலைவரின் மண்டிக்குப் போனேன். அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். தலைவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் விவசாயிகள், மூட்டை தூக்குகிறவர்கள், அள்ளு எடுக்கும் கூடைக்காரர். அந்தத் தக்காளிப் படத்தை வரைந்தது நான், கரீம் பாய் இல்லை என்று சொன்னேன்.

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "மாதப்பன் தங்கச்சியா நீ? ஏம்மா, பாய காப்பாத்தணும்னா வேற ஆளு கெடைக்கலயா உங்க சாருக்கு? பொம்பளப் புள்ளய அனுப்பி உட்டுருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். "போம்மா, போயி பஸ்ஸ புடி."

எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன், திட்டுவார், கையை ஓங்குவார் என்றுகூட நினைத்திருந்தேன். நம்பவே மாட்டார் என்று நினைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மேசைக்குப் பக்கத்தில் அன்றன்றைய விலை எழுதும் கரும்பலகை சாய்த்து வைத்திருந்தது. சாக்பீஸை எடுத்து, விலையைப் புடவை முந்தானையால் துடைத்துவிட்டு, அவர் முகத்தை வரைந்தேன். நையாண்டி எதுவும் இல்லாமல், நேராக, மரியாதையாக.

"இது நீங்கதானுங்களே?"

"ஆமா, நாந்தான்" என்றார். கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பக்கத்தில் இரண்டாவது முகம். முகவாயைக் கொஞ்சம் தூக்கினேன், கன்னத்தை விரித்தேன்.

"இது?"

"நாந்தான்." இந்த முறை சற்றுத் தாமதித்து வந்தது.

மூன்றாவதில் கழுத்தை எடுத்துவிட்டேன். முகம் உருண்டு திரண்டது. தலையில் விழாவில் போட்டுக்கொண்ட கிரீடத்தை வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. நான் அவரைக் கேட்கவும் இல்லை. நான்காவதில் மூக்கையும் கண்ணையும் இரண்டு கோடாக்கி, கிரீடத்தின் ஒவ்வொரு கூரையும் வளைத்துக் காம்பிதழாக்கினேன். ஓரத்தில் எறும்பைப் போட்டேன். பேரிக்காய் வரைந்தவர் தப்பிப்பதற்காக நான்கு முகம் வரைந்தார். நான் மாட்டிக்கொள்வதற்காக வரைந்துகொண்டிருந்தேன். அவரையே விடவில்லை, என்னை எங்கே விடப்போகிறார்கள் என்ற நினைப்பு கையோடு ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் கூடைக்காரர். தலைவர் தன்னைப் பார்த்ததும் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முதல் படத்தைப் பார்த்தார், கடைசிப் படத்தைப் பார்த்தார், நடுவில் இருந்தவற்றைத்தான் வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"சரி, நீதான்" என்றார். பிறகு என் தலைக்கு மேலாக, "பாய வரச்சொல்லுங்கடா. போர்ட முடிக்கட்டும்" என்றார். உட்காரப் போனவர் நின்று, "மாதப்பா, உன் பழத்த ஏத்திக்க" என்றார்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, இறக்கிய பெட்டிகளைத் திரும்ப ஏற்றத் தொடங்கினார். யாரும் அவருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, எல்லோருக்கும் பழம் இருந்தது. கூடைக்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் கூடையோடு எங்கள் பெட்டிகளிடம் வந்துவிட்டார். வந்தவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

இந்தக் களேபரத்துக்குள் கரீம் பாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பலகையில் இருந்த நான்கு முகங்களையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"பொழப்பு போனது கஷ்டந்தான் தங்கச்சி. இல்லேன்னு சொல்லல. ஆனா ஊரே என்ன அப்டி ஒரு ஆர்ட்டிஸ்ட்டுன்னு பேசிக்கினு இருந்துச்சி பாரு." பெருமூச்சு விட்டார். "இன்னும் ரெண்டு நாளு கழிச்சி வந்துருக்கலாம்."

அள்ளு அன்றைக்கே ஒழிந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. கூடை மட்டும் சிறியதாயிற்று. பிறகு ஒருநாள் ஒருவர் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார், அடுத்த வாரம் பலர் அப்படி வந்தார்கள். எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாத மாதிரி அது நின்றது. அந்த அறுப்பு முழுக்க அண்ணனுக்கு அந்தச் சந்தையில் இடம் இல்லை. டெம்போ வாடகை ஏறியது, சில நாள் பழம் வீணாயிற்று, அண்ணி என்னோடு சரியாகப் பேச வெகுநாள் ஆயிற்று. படம் போட்டால் ராஜா விழுந்துவிடுவார் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கான விலையை வேறு யாரோ, வரையத் தெரியாத ஒருவர், தன் தோட்டத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

அன்று டெம்போவை ராயக்கோட்டைச் சந்தைப் பக்கம் திருப்பினார்கள். வெயில் ஏறிவிட்டது. நானும் அண்ணனும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அழுத்தமான மனிதர், திட்டினாலும் பரவாயில்லை, இப்படி வாயை மூடிக்கொண்டு வருகிறாரே என்று கிடந்து தவித்தேன். பாலம் தாண்டியதும் அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது படத்துலயே அந்தாளுக்குத் தெரிஞ்சி போச்சி. அப்பவும் நாந்தான்னு சொன்னான் பாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெட்டியிலிருந்து நசுங்கிய பழத்தை எடுத்து, நல்ல பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"அப்பறம், அடுத்த வாரம் யாரம்மா?"

பழத்தை வாங்கிக்கொண்டு, பெட்டிப் பலகையின் தூசியில் விரலால் ஒரு எறும்பை வரைந்தேன்.